பெஸ்யா கூட்டி வந்த ஆள்

ஃப்ரூமா அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டது, கல்யாணமாகி ஆஸ்திரேலியாவின் பல்லராட்டுக்கு வந்த நாலாம் நாள். தொலைபேசி அடித்தது, எடுத்தாள். நலமா என்ற விசாரிப்பெல்லாம் இல்லை. "வீட்ல ஆம்பளை இருக்கா?" என்றது ஒரு பெண் குரல். புதுப்பெண் பதறிப்போய் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். ஸெலிக் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தான். "பெஸ்யாக்காவாத்தான் இருக்கும். ஒரு ஆள் குறையுதுபோல."

முப்பத்தோரு வருஷமாகிறது. பெஸ்யா குர்விட்ஸ் அன்றைக்கும் பொத்தான் கடை, இன்றைக்கும் பொத்தான் கடை. அவள் அம்மாவும் ஸெலிக்கின் அம்மாவும் போலந்திலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். கப்பல் உறவு எங்கள் யூத ஜனங்களுக்கு ரத்த உறவுக்கு அரை விரல்தான் குறைவு. அந்த வகையில் ஸெலிக்குக்கு அவள் அக்கா.

பத்து யூத ஆண்கள் கூடாமல் ஜெபாலயத்தில் செத்தவர்களுக்கான கதிஷ் ஜெபம் சொல்ல முடியாது. பல்லராட்டில் எங்கள் வீடுகள் முப்பது தேறும். ஆண்களில் பாதிப்பேருக்கு முழங்கால் வலி, மீதிப்பேருக்கு மெல்பர்னில் வேலை. பெண்ணான பெஸ்யா அந்தப் பத்தில் சேர்த்தி இல்லை. ஆனால் பத்தைச் சேர்ப்பவள் அவள்தான். பல் வைத்தியர் நாற்காலியிலிருந்து ஒருவரை எழுப்பி வந்திருக்கிறாள். கண்ணில் கட்டோடு படுத்திருந்தவரிடம், "கண்ணுதானே போச்சு? ஆமென் சொல்லக் காதும் வாயும் போதும், எழுந்திருங்க" என்றிருக்கிறாள். மனிதர்களை ஆடுமாடுபோல் எண்ணக்கூடாது, கண்பட்டுவிடும் என்பது எங்கள் வழக்கம். அதனால் வாசலில் நின்று மோவாயால் சுட்டி, "ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, மூணு இல்ல" என்று அவள் முனகுவதை ஊரே அறியும்.

போன வருஷம் ஸெலிக்குடைய அம்மாவின் முதல் நினைவு நாள், டிசம்பர் இருபத்தைந்தாம் தேதியில் வந்து விழுந்தது. கிறிஸ்துமஸ். கடை அடைப்பு, பஸ் கிடையாது, எங்கள் டிசம்பர் கோடையில் வடகாற்று அனலாய் வீசுகிறது. பாதி ஊர் கடற்கரைக்குப் போய்விட்டது. மூன்று நாள் தொலைபேசியில் மன்றாடியும் பெஸ்யாவுக்குக் கிடைத்தது ஒன்பது பேர்.

சாயங்காலம் ஆறரைக்கு அவள் தெருவில் இறங்கினாள். ஜெபாலயத்துக்கு எதிரே ஒருவர், தாடி, கறுப்புத் தொப்பி, தனியாக நின்று கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸ் அன்று போக்கிடமில்லாமல் ஒருவன் தெருவில் நின்றால் அவன் நம் ஆள்தான் என்பது பெஸ்யாவின் முடிவு. எங்களில் யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். சட்டைக் கையைப் பிடித்தாள். "வாங்க, புண்ணியமாப் போகும். பத்து நிமிஷம்." அவரும் வந்தார்.

மாடியில் பெண்கள் வரிசையிலிருந்து ஃப்ரூமா பார்த்தாள். எல்லாரும் எழுந்தால் அவரும் எழுந்தார், உட்கார்ந்தால் உட்கார்ந்தார். ஸெலிக் நடுங்கிய குரலில் கதிஷ் சொன்னபோது, அவருடைய ஆமென்தான் எல்லாவற்றையும்விட உரக்க விழுந்தது.

பிறகு கீழே மேஜையில் உப்பு மீன், தேன் கேக், சின்னக் கிளாஸில் பிராந்தி. அந்த மனிதர் கிளாஸை எடுத்தார். குடிப்பதற்கு முன் மூன்று விரலைக் குவித்து, நெற்றி, வயிறு, வலது தோள், இடது தோள் என்று நிதானமாகச் சிலுவை போட்டார்.

கேக் வெட்டிய கத்தி அப்படியே நின்றது.

"நீங்க... எந்த ஊர்?" என்றான் ஸெலிக்.

"செர்பியா. பேரு மிலோராட். எங்க கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழு. இன்னைக்குச் சும்மா நடக்க வந்தேன். இந்தம்மா கூப்பிட்டாங்க." அவர் முகங்களைப் பார்த்தார். "ஏதும் தப்புப் பண்ணிட்டேனா?"

ஸெலிக் நாற்காலியில் சரிந்தான். "ஒன்பது பேர வச்சுச் சொல்லியிருக்கேன். அம்மாவுக்கு ஒண்ணும் போய்ச் சேரல. என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?"

மூத்தவர் யெகுதியேல் அவன் முதுகைத் தட்டினார். "விடுப்பா. நமக்கு மட்டும்தானே தெரியும். கடவுள் தலையை எண்ணவா போறார்?"

"நான் எண்ணுவேன்," என்றாள் பெஸ்யா. முகம் பீட்ரூட்டாய்ச் சிவந்திருந்தது. முதலில் மிலோராட்டின் தட்டில் இன்னொரு துண்டு கேக் வைத்தாள். "நீங்க சாப்பிடுங்க. தப்பு என்னுது, உங்களுது இல்ல." பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழேகால். சூரியன் விழ எட்டே முக்கால். அதற்குள் சொன்னால்தான் அந்த நாளுக்குச் சேரும். கைப்பையை எடுத்தாள். "யாரும் வீட்டுக்குப் போயிடாதீங்க. ஃப்ரூமா, கூட வாடி. தனியாப் போனா பாதியில திரும்பிடுவேன்."

போகிற வழி எது என்று மூன்றாவது தெரு திரும்பியதும்தான் ஃப்ரூமாவுக்குப் புரிந்தது. அங்கே ஹெர்ஷின் வீடு. பெஸ்யாவின் கூடப்பிறந்த அண்ணன். அவள் புருஷன் செத்து ஏழு நாள் துக்கம் காத்தபோது எட்டிக்கூடப் பார்க்காதவர். பத்தொன்பது வருஷமாகப் பேச்சு அறுந்துபோனது. ஆள் குறைந்தால் ஐம்பது மைலுக்கு அப்பால் கூப்பிடுவாளே தவிர, இந்த வாசலை அவள் மிதித்ததில்லை.

கிழவர் பனியனோடு தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தங்கையைக் கண்டதும் தண்ணீர்க் குழாய் கையிலிருந்து நழுவி அவர் காலையே நனைத்தது.

"ஹெர்ஷ், ஒன்பது பேர்தான் இருக்காங்க."

"பத்தொம்பது வருஷம் கழிச்சு வந்து சொல்றது இதைத்தானா?"

"வேற என்ன சொல்லணும்? நீ செஞ்சதை மறந்துட்டேன்னு சொல்லணுமா? மறக்கல. வர்றியா?"

"யாருக்கு?"

"ஸெலிக்கோட அம்மாவுக்கு."

கிழவர் செடிகளைப் பார்த்தார். தண்ணீரை மூடினார். "அவங்க கப்பல்ல எனக்குக் காய்ச்சல் வந்தப்போ மடியில போட்டுட்டு வந்தாங்க," என்றார். "இரு, சட்டை போட்டுட்டு வரேன். மூணு தெரு நடக்கக் கால் தாங்காதே, பெஸ்யா."

அவள் முழங்கையை நீட்டினாள். தொண்ணூறு கிலோ அண்ணனை அந்தக் குச்சி உடம்புக்காரி மூன்று தெருவும் தாங்கி நடந்தாள். ஃப்ரூமா பின்னால் நடந்தாள். எங்கள் குடும்பங்களில் எத்தனையோ சண்டையையும் சமாதானத்தையும் கண்டவள் அவள்; தன் தவறைத் திருத்த ஒருத்தி இவ்வளவு தூரம் நடந்து பார்த்ததில்லை.

எட்டே காலுக்கு ஸெலிக் மறுபடி எழுந்து நின்றான். இந்த முறை குரல் நடுங்கவில்லை. ஓர் ஓரமாய், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மிலோராட்டும் எழுந்து நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

பெஸ்யா இப்போது ஹெர்ஷின் வீட்டில், தோட்டத்தைப் பார்த்த பின்னறையில்தான் குடியிருக்கிறாள்.