ஏழாவது ஃபாரத்தில் யாருக்கும் கால் இல்லை

யார் நினைக்கிறார் என்று தெரியாமலே ஓர் எண்ணம் உண்மையாக இருக்க முடியுமா? அக்காவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது என்று தம்பிக்கு உறைக்க ஐம்பது வயதாயிற்று. அவன் கல்லூரியில் தத்துவம் நடத்துபவன். நல்ல கேள்விகளைத் தேடி அலமாரி அலமாரியாக அலைந்தவன். அந்தக் கேள்வியோ அச்சகத்தின் பின்கூடத்தில், பசை வாளிக்குப் பக்கத்தில், ஈரத்துணியில் விரலைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தது.

அங்கே அக்காவுக்கு இருபத்திரண்டு வருட வேலை. பெரிய தாளில் இரண்டு புறமும் அச்சடித்து மடித்தால் பதினாறு பக்கம் வரும். அதை ஃபாரம் என்பார்கள். நீள மேசையில் ஃபாரங்களை வரிசையாகக் குவித்து வைப்பார்கள். பெண்கள் மேசையைச் சுற்றி நடந்து, குவியலுக்கு ஒன்றாக எடுத்து அடுக்குவார்கள். அடுக்கு சரிதானா என்று பார்த்துச் சீட்டில் கையெழுத்துப் போடுவது அக்கா. அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் தையலுக்குப் போகும். அவள் பார்த்து அனுப்பியதில் ஒரு புத்தகம்கூடப் பக்கம் மாறிப் போனதில்லை. கூட வேலை செய்த பெண்கள் அவளை ‘எக்ஸ்ரே’ என்று முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். பட்டம் வாங்கியவள்போல் தலையாட்டிக்கொள்வாள்.

பக்க எண்ணைப் பார்த்தால் போதும். படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸைச் சுவரில் சாய்த்து, அதன்மேல் புத்தகத்தை நிறுத்திப் படிப்பாள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் மாட்டுப் பண்ணைக் கையேட்டையும் படித்தாள், ஒன்றுமே நடக்காத நாவல்களையும் படித்தாள். பின்னதில் அவளுக்குத் தனி ருசி.

தம்பிக்கு அதில் ஏளனம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் சீண்டாமல் போகமாட்டான்.

“இந்த வாரம் என்ன கதைக்கா?”

“ஒருத்தன் பஸ் ஸ்டாண்டுல தங்கச்சிக்காகக் காத்துட்டிருக்கான்.”

“அப்புறம்?”

“காத்துட்டிருக்கான்.”

“எத்தனை பக்கத்துக்கு?”

“எரநூத்தி நாப்பது. நான் தொண்ணூறுல இருக்கேன்.”

“தங்கச்சி வர்றாளா இல்லையா?”

“தெரியலடா. தெரிஞ்சுக்கணும்னு தோணவும் இல்ல.”

தம்பி சிரித்தான். “யோசனையைத்தான் எழுதணும்னா நாங்க சுத்தமா எழுதிட்டுப் போறோமே. உங்க ஆளு அதையே மூக்கைச் சிந்திச் சிந்தி இழுக்கறாரு.”

“மூக்கு இருக்கறவன் சிந்தத்தான் செய்வான். நீ சாப்பிடு.”

காலத்தைப் பற்றி அவன் எழுதிய நூலும் அதே அச்சகத்தில்தான் அச்சாகியிருந்தது. பன்னிரண்டு வருட உழைப்பு. அடுத்த ஞாயிறு கல்லூரி அரங்கில் வெளியீடு, அழைப்பிதழ்கூடக் கொடுத்தாகிவிட்டது.

புதன்கிழமை மதியம் அக்காவிடமிருந்து ஃபோன் வந்தது. “கொஞ்சம் கிளம்பி வா. உன் புத்தகத்துல தப்பு நடந்திருக்கு. என் தப்பு.”

அவன் போனபோது அவள் அந்த பஸ் ஸ்டாண்ட் நாவலை நீட்டினாள். “தொண்ணூறுலேருந்து படி.”

“என் புத்தகம்னு சொன்னே?”

“படிடா.”

காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து படித்தான். காத்திருப்பவனுக்குச் செருப்பு கடிக்கிறது. காலை மாற்றி மாற்றி நிற்கிறான். யாராவது பார்க்கிறார்களா என்று கூசுகிறான். காத்திருக்கும்போது காலம் எங்கே நிற்கிறது என்று யோசிக்கிறான். நூறாவது பக்கம் தாண்டியதும் தம்பி நிமிர்ந்தான்.

“பரவாயில்லையே. இங்க ஒழுங்கா யோசிக்கிறாரு.”

“யோசிக்காம என்ன? அது நீ எழுதினது.”

பின்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தம்பி பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுடைய வாக்கியங்கள்தான். வேறொருவர் அட்டைக்குள் தன் வாக்கியத்தை எந்த எழுத்தாளனும் எதிர்பார்ப்பதில்லை. இரண்டு நூலுக்கும் ஒரே அளவு, ஒரே எழுத்து, ஒரே தாள். பக்கத்தின் தலையில் புத்தகப் பெயரும் இல்லை. மடித்த இடத்தில் இரண்டு ஏழாவது ஃபாரக் குவியலும் இடம் மாறிவிட்டன. தொண்ணூற்றேழு முதல் நூற்றுப்பன்னிரண்டு வரை எண்கள் சரியாக இருந்தன. அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

“எப்படிக்கா கண்டுபிடிச்சே?”

“ஆறாவது ஃபாரம் வரைக்கும் அவனுக்குச் செருப்பு கடிச்சுது. ஏழாவதுல அவனுக்குக் காலே இல்ல. எட்டாவதுல திரும்ப நொண்டறான்.”

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். நாவலில் பத்துப் பிரதி மட்டும் எழுத்தாளர் கைக்குப் போயிருந்தது. அவர் முகர்ந்து பார்த்து மேசையில் வைத்ததோடு சரி. அதில் ஒரு பிரதி விமர்சகரிடம் இருந்தது.

“அந்த விமர்சகரே ஃபோன் பண்ணி, நடுவுல வர்ற பகுதிதான் நாவலோட ஆழம்னு சொன்னாராம்மா,” என்றார் முதலாளி. “ஆழத்தைப் போய் எதுக்குப் பிரிக்கணும்? நீங்க வாயைத் திறக்கலேன்னா ஈ காக்காய்க்குத் தெரியாது. உங்க இத்தனை வருஷப் பேரும் அப்படியே இருக்கும்.”

“அந்த ஆழத்துல ஆள் இல்லைங்க சார்,” என்றாள் அக்கா. பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். “பிரிச்சா ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியாது. உன் விழா. நீ சொல்லு.”

தம்பி தன் நூலை வாங்கி, அதன் நடுவில் புகுந்திருந்த நாவல் பக்கங்களைப் படித்தான். அவன் சொன்னதைத்தான் அந்த ஆளும் நினைத்துக்கொண்டிருந்தான்: கடந்ததும் வரப்போவதும் நிகழ்கணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று. ஆனால் அந்த ஆள் அதை ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, இன்னும் ஒரு பஸ் பார்ப்பதா போவதா என்று குழம்பிக்கொண்டு நினைத்தான். தங்கை வராமலே போய்விடுவாளோ என்ற பயம் அந்த நினைப்புக்குள் இருந்தது. தம்பியின் நூலிலும் பக்கத்துக்குப் பத்து ‘நான்’ இருந்தது. அந்த ‘நான்’ யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் எந்தப் பேராசிரியரும் அதை அவனிடம் சொன்னதில்லை.

“பிரிச்சுடுக்கா,” என்றான்.

அக்கா சரிபார்ப்புச் சீட்டை எடுத்தாள். தன் கையெழுத்தின் மேலேயே ‘தவறு’ என்று எழுதி, கீழே மறுபடி கையெழுத்திட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் ‘தவறு’. தையல்காரம்மா அதைப் பார்த்து, “எக்ஸ்ரே தன்னையே படம் எடுத்துக்கிச்சு” என்றாள். அக்கா சிரிக்கவில்லை. கத்தியை எடுத்து முதல் அட்டையைக் கிழித்தாள்.

இரண்டு புத்தகமுமாக ஆயிரம் பிரதி, அட்டையைக் கிழித்து, தையல் நூலை அறுத்து, ஃபாரம் மாற்றி, மறுபடி தைத்து, ஓரம் வெட்ட வேண்டும். வெளியே போன பத்தையும் எழுத்தாளர் வீட்டுக்கும் விமர்சகர் வீட்டுக்கும் அவளே போய்க் கேட்டு வாங்கி வந்தாள். பதினோரு நாள் ஆயிற்று. வெளியீடு தள்ளிப்போனது, கல்லூரியில் சிலர் கேலி செய்தார்கள்.

விழாவில் தம்பி நீளமாகப் பேசவில்லை. யாரையும் லேசில் பாராட்டாதவன் என்று பெயர் எடுத்தவன். “இந்தப் புத்தகத்தையும் அந்த நாவலையும் உண்மையாப் படிச்சவங்க ஒருத்தர்தான். அவங்க மேடையில இல்ல. கடைசி வரிசையில இருக்காங்க. எங்க அக்கா,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். முன்வரிசையில் இருந்த நாவலாசிரியர் எழுந்து நின்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அக்கா குனியவில்லை. கைப்பையை மடியில் நிறுத்தி, நிமிர்ந்து, அத்தனை பேர் பார்வையையும் வாங்கிக்கொண்டாள். அவள் அப்படி உட்கார்ந்ததைத் தம்பி அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆறு மாதம் கழித்து, வகுப்புக்குக் குறிப்பெடுக்க, தன் புத்தகத்தில் அக்கா கையால் கொடுத்திருந்த பிரதியைத் திறந்தான். தொண்ணூற்றேழாம் பக்கத்தில் செருப்பு கடித்துக்கொண்டிருந்தது. நூற்றுப்பன்னிரண்டு வரை நாவல்தான். தப்பிப்போன பழைய பிரதி என்று முதலில் நினைத்தான். ஆனால் மறுபடி கட்டியவை இரண்டாம் முறை ஓரம் வெட்டியதில் ஒரு நூலிழை அளவு குட்டை. கல்லூரி நூலகப் பிரதியோடு சேர்த்து வைத்துப் பார்த்தான். இரண்டும் ஒரே உயரம், இதுவும் மறுபடி கட்டியதுதான். பிரித்து, யோசித்து, தெரிந்தேதான் அதைத் திரும்ப உள்ளே வைத்துத் தைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை அவள் முன்னால் விரித்து வைத்தான். “இது ஏன்க்கா?”

அக்கா பக்கத்தைப் பார்த்தாள். தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

“நல்லாத்தானே தைச்சிருக்கேன்,” என்று சொல்லிவிட்டுக் காபி போட எழுந்து போனாள்.