உப்பென்றே சொன்னேன்

எதனோல் என்கிற மதுசாரத்தையும் தண்ணீரையும் எத்தனை தரம் காய்ச்சி வடித்தாலும் ஒரு கட்டத்துக்கு மேல் பிரியாது. மிஞ்சுகிற கொஞ்சத் தண்ணீர் எதனோலோடு சேர்ந்தே ஆவியாகிவிடும். அதைப் பிடித்துவைக்க அயன் திரவம் ஒன்றைச் சேர்த்துப் பார்ப்பதுதான் என் ஆய்வு. சாதாரண வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உப்பு அது. எளிதில் ஆவியாகாது. தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அடியில் கிடக்கும்; எதனோல் தனியே மேலே போகும்.

கொழும்பில் தமிழ்ப் பெயரோடு நடமாடுவதே சோதனையாயிருந்த யுத்த காலம். வெள்ளவத்தையில் ஓர் அன்ரி வீட்டில் அறை எடுத்திருந்தேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் வெற்றிடப் பம்பி பழுதாகிக் கிடந்தது. நான் செய்த உப்பை உலர்த்த இன்னோர் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

என் பேராசிரியர் சிங்களவர், நல்ல மனிதர். "போத்தலோடு நீங்கள் போனால் பிரச்சினை. வேறு யாரிடமாவது கொடுத்து அனுப்புவோம்" என்றார்.

"நான் செய்தது, சேர். நானே கொண்டுபோகிறேன்" என்றேன்.

காலி வீதிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்த பொலிஸ்காரர் பையைக் கிளறி, மஞ்சள் திரவம் நிறைந்த போத்தலை வெளியே எடுத்தார்.

"மே மொகத்த?" இது என்ன?

"லுணு" என்றேன். உப்பு.

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என்னை இறக்கிவிட்டு பஸ்ஸைப் போகச் சொன்னார்.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர், உப்பு எப்படித் தண்ணீராக இருக்கும், எங்களை மடையர் என்று நினைத்தாயா என்று சிங்களத்தில் கத்தினார். நானும் சிங்களத்திலேயே விளக்கினேன். கறியுப்பில் துகள்கள் செங்கல்போல நெருக்கமாக அடுக்குப்படும்; இதில் ஒரு துகள் பெரிது, கோணல்மாணலானது, அடுக்குப்படாது, அதனால் இறுகாது. அவர் மூடியைத் திறந்து மணந்தார். பெரிதாக மணம் எதுவும் வரவில்லை. அது அவருக்கு இன்னும் கோபமூட்டியது.

"நீ போகலாம். போத்தல் போகாது."

"போத்தல் இல்லாமல் நான் போகமாட்டேன்."

பின்னேரம்வரை அங்கிருந்த மர வாங்கிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் என் கண்முன்னாலேயே அதை முற்றத்துக் கழிவுநீர்க் கானுக்குள் ஊற்றுவித்தார். பல நாள் வேலை. நான் அழவில்லை. வெறும் போத்தலைக் கேட்டு வாங்கிக்கொண்டு நடந்தே வீடு வந்தேன்.

"பிள்ளை, உயிரோட வந்தியே, அது காணும். இந்தச் சோலி உனக்கு எதுக்கு? கனடாவுக்குப் போய்ப் படியன்" என்றார் அன்ரி.

"போறதெண்டாலும் இதை முடிச்சுப்போட்டுத்தான் அன்ரி போவன்."

திரும்பவும் செய்தேன். அதே பாதையில், அதே பஸ்ஸில் கொண்டுபோனேன். அதே பொலிஸ்காரர் போத்தலைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆயெத் லுணுத?" திரும்பவும் உப்பா?

ஓம் என்று தலையாட்டினேன். கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போத்தலைப் பைக்குள் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

உலர்த்திய உப்பைச் சேர்த்து வடித்த நாளில், சேர்ந்த எதனோலை நீரற்ற செப்பு சல்பேற்றின்மேல் விட்டேன். தண்ணீர் இருந்தால் அந்த வெள்ளைத் தூள் நீலமாகும். முன்பெல்லாம் உடனேயே நீலமாகும். பேராசிரியர் தூள் இருந்த தட்டை யன்னலடிக்குக் கொண்டுபோனார். பார்த்துக்கொண்டு நின்றோம். வெள்ளையாகவே இருந்தது.

அவர் கைகொடுத்தார். நான் குடுவையைக் கழுவி, எதனோலையும் தண்ணீரையும்விடப் பிரியப் பிடிவாதம் பிடிக்கும் இன்னொரு கலவையை ஊற்றினேன்.