ஜாடிக்குள் இருந்த மாத்ரே

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் முழுக்க எங்கள் வீட்டு அலமாரியில் ஓர் ஊறுகாய் ஜாடி குடியிருந்தது. குடியிருந்தது என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். சித்தப்பா அதைக் கழுவிக் காயவைத்து, மைதாவும் தண்ணீரும் நாலு திராட்சைப் பழமும் போட்டு, வாயில் மெல்லிய துணியைக் கட்டி வைத்த சில நாளில் அது மூச்சுவிட ஆரம்பித்தது. பாலக்கரையே வெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் மத்தியான வேளையில் நான் மட்டும் ஸ்டூல் போட்டு ஏறி ஜாடியில் காதை வைப்பேன். உள்ளே மெதுவாகக் குமிழி விடும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டபடி நின்றவாக்கிலேயே பாதித் தூக்கத்துக்குப் போய்விடுவேன். இப்போதும் உச்சி வெயிலில் எங்காவது புளித்த மாவின் வாசனை வந்தால் எனக்குக் கண் சொருகும்.

"இதும் பேரு மாத்ரே," என்று சித்தப்பா சொல்லியிருந்தார். "தினமும் ஒரு கை மாவு குடுக்கணும் பாப்பா. பட்டினி போட்டா செத்துப்போயிடும்."

சித்தப்பா, அப்பாவின் தம்பி. கல்யாணம் வேண்டாமென்று இருந்தவர். பொன்மலையில் ரயில்வே வேலை. அதற்கு முன்னால் யுத்தத்துக்குப் போய், பாலைவனத்தில் பிடிபட்டு, இத்தாலியில் கைதியாக இருந்து, தப்பி, ஒரு மலைக் கிராமத்தில் குடியானவர் வீட்டில் ஒளிந்திருந்தார். அந்த வீட்டு அம்மாள் இப்படித்தான் மாவைப் புளிக்கவைத்து ரொட்டி சுடுவாராம். மிஞ்சிய மாவைத் தட்டி, தக்காளியும் பூண்டும் எண்ணெயும் போட்டுச் சுட்டால் அதற்குப் பெயர் பீட்சாவாம். ஈஸ்டர் அன்று சாயங்காலம் எங்கள் எல்லோருக்கும் பீட்சா என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

"தோசைக்கு வெளியூர்ப் பேரு வச்சு ஏமாத்தப் பாக்குறான்," என்றார் அப்பா.

சித்தப்பா இத்தாலியில் ஒளிந்திருந்த காலத்தில் இங்கே வேறு கதை நடந்துவிட்டது. அவரைக் காணவில்லை என்று வந்த தந்தியை, செத்துவிட்டார் என்றே எடுத்துக்கொண்டு எங்கள் குடும்பம் அவருக்கு இறந்தோர் பூசை வைத்து அழுது முடித்தது. அந்தத் துக்கத்தில் படுத்த அவருடைய அம்மா பிறகு எழுந்திருக்கவே இல்லை. பூசை கண்ட மகன் உயிரோடு திரும்பி வந்தபோது பெற்றவள் கல்லறையில் இருந்தாள். சித்தப்பா கல்லறைக்குப் போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து, கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாராம். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "கல்நெஞ்சுக்காரன்," என்று அத்தை சொன்னது அப்படியே நிலைத்துவிட்டது. அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

ஆனால் ஜாடியிடம் அவர் வேறு மனிதராக இருந்தார். வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அலமாரியிடம்தான் போவார். துணியை விலக்கி மோந்து பார்த்து, அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ முணுமுணுப்பார். கடைசியில் எப்போதும் மாத்ரே என்று முடியும். எனக்கு அது தாலாட்டு மாதிரி இருக்கும்.

ஈஸ்டருக்கு முதல் நாள், பெரிய சனிக்கிழமையன்று, சித்தப்பா தக்காளி வாங்க காந்தி மார்க்கெட் போயிருந்தார். அப்பா கோவிலில் இருந்தார். அடுத்த வீட்டு அம்மா சுவருக்கு மேல் தலையை நீட்டி, "தெருவுல போலீஸ் வந்திருக்குங்க, வீடு வீடா பாக்குறாங்க. உங்க வீட்டுலேருந்து கள்ளு வாசனை வருதே, என்னங்க அது?" என்று கேட்டுவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். மதுவிலக்குக் காலம் அது. வீட்டில் எதுவும் காய்ச்சுகிறார்களா, ஊறப்போடுகிறார்களா என்று மோப்பம் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். அப்பாவோ பள்ளிக்கூட வாத்தியார்.  அம்மா ஜாடியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடி, சாக்கடையில் கவிழ்த்து, நாலு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டார். நான் தடுக்கப் போய் ஓர் அடி வாங்கினேன்.

போலீஸ்காரர் வந்தார், மூக்கை உறிஞ்சினார். அடுப்பங்கரையில் இட்லி மாவு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. "மாவு புளிச்சிருக்குங்க," என்றார் அம்மா. அவர் குடிக்கத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஜாடி இருந்திருந்தாலும் இதே பதில் போதும் என்பது அவர் தெருமுனை தாண்டிய பிறகுதான் அம்மாவுக்கு உறைத்தது.

சித்தப்பா பையோடு வந்து, வழக்கம்போல அலமாரியிடம் போனார். அம்மா நடந்ததைச் சொன்னார். சித்தப்பா பையைக் கீழே போட்டார், தக்காளி உருண்டு ஓடியது. கொல்லைப் படியில் உட்கார்ந்து சாக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நான் வர்றதுக்குள்ள போயிட்டாங்களே," என்றார். "ஒரு தடவ பாத்திருப்பேனே. நான் வர்றதுக்குள்ள போயிட்டாங்களே." சொல்லிவிட்டுத் தோள் குலுங்க அழுதார். பெரிய ஆம்பளை அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

"தம்பி, வெறும் மாவுதானே தம்பி," என்று அம்மா தவித்தார்.

அந்த மாதம்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் எங்கள் தமிழ் டீச்சர் உயர்திணை, அஃறிணை நடத்தியிருந்தார். எனக்கு அது தலைக்கேறி, வீட்டுக்கு வரும் கீரைக்காரம்மாவைக்கூடத் திருத்திக்கொண்டு திரிந்தேன். சித்தப்பா அழுகையை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

"சித்தப்பா, மாவு அஃறிணை. போயிட்டாங்கன்னு சொல்லக் கூடாது. போயிடுச்சுன்னு சொல்லணும்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஆமாம்மா," என்றார். "தப்பாச் சொல்லிட்டேன்."

ஈஸ்டர் அன்று காலையில் பூசையிலிருந்து வந்ததும் அம்மா ஒரு கரண்டி இட்லி மாவை மைதாவில் விட்டுக் கொண்டுவந்து வைத்தார். "இதுல எழும்புமா தம்பி?" என்று கேட்டார். சித்தப்பா மோந்து பார்த்தார். "பாக்கலாம் அண்ணி," என்று பிசைய உட்கார்ந்தார். காது மடல் பதத்துக்கு வரவேண்டும் என்று என் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துப் பிசைந்தார். மாவின் மேல் விரலால் சிலுவை போட்டு ஈரத்துணியால் மூடினார். வீடு தூங்கியது. துணிக்கு அடியில் மாவு மெல்ல மெல்ல உயர்வதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், எப்போது உயர்ந்தது என்று மட்டும் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம், கேக் சுடுவதுபோல மேலும் கீழும் தணல் போட்டுச் சுட்டு, மொட்டை மாடியில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். காவிரிப் பக்கமிருந்து காற்று வந்தது. மலைக்கோட்டையில் விளக்கு எரிந்தது. கொஞ்சம் ஊத்தப்பம், கொஞ்சம் ரொட்டி, இரண்டிலும் சேராத ஒரு ருசி. "அங்க மொதத் துண்ட எனக்குத்தான் வைப்பாங்க," என்றார் சித்தப்பா. அம்மா அப்பாவைத் தாண்டிப்போய் முதல் துண்டை அவர் தட்டில் வைத்தார்.

அதற்கப்புறம் அத்தை தன் வசனத்தை மாற்றிக்கொண்டார். "பெத்தவளுக்கு அழாதவன் புளிச்ச மாவுக்கு அழுதான்," என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கவைப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

காலேஜில் சேர்ந்தபோது அங்கே வயதான இத்தாலி சிஸ்டர் ஒருவர் இருந்தார். ஒருநாள் வராந்தாவில் மடத்துத் தலைவி வருவதைப் பார்த்து, "மாத்ரே" என்று கூப்பிட்டுக்கொண்டே எழுந்து நின்றார். எனக்கு மூக்கில் புளிப்பு வாசனை அடித்தது. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவரிடம் கேட்டேன்.

"அம்மா," என்றார் சிஸ்டர்.

கொல்லைப் படியில் உட்கார்ந்து சித்தப்பா சொன்ன வாக்கியத்தில் பிழையே இல்லை என்பது அன்று அதைத் திருத்திய எனக்குத் தெரியவில்லை.