நுயிக்குப் போன மூன்று பேட்டரிகள்

எங்கள் அரோராய்த் தீவில் கேட்டதை இல்லை என்று சொல்லாத மனிதர் யார் என்றால், சின்னப் பிள்ளைகூட உரியாமின் வீட்டைக் கைகாட்டும். புபுசி என்று, அதாவது உறவு உரிமையோடு, ஒருவர் வந்து கேட்டுவிட்டால் கொடுக்காமல் அனுப்புவது இங்கே எல்லோருக்கும் வெட்கம்தான். மற்றவர்கள் மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே கொடுப்போம். உரியாம் சிரித்துக்கொண்டே கொடுப்பார். சைக்கிள், மீன்வலை, சினைப்பன்றி என்று எல்லாம் போயிருக்கிறது. ஒருமுறை படுத்திருந்த பாயையே சுருட்டிக் கொடுத்தார். "இந்த மனுஷனையும் யாராவது கேட்டு வாங்கிட்டுப் போனாத் தேவலை" என்பாள் அவர் மனைவி தெரேதியா. அதற்கும் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் ஒரு மிதப்பு இருந்தது. அது எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

மழை பொய்த்து எங்கள் கிணறெல்லாம் உப்பாகிப்போன வருஷம், பசிபிக் தீவு நாடுகள் கூடி நடத்தும் அமைப்பிலிருந்து கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. யாருக்கும் சொந்தமில்லாத இயந்திரம் அது. எந்த நாட்டுத் தீவு தவிக்கிறதோ அங்கே போகும். மழை வந்ததும் அடுத்தவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். வெயிலில் சார்ஜ் ஏறும் நாலு பேட்டரிகளில் அது ஓடியது. வாலிபத்தில் சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் வேலை பார்த்தவர் என்பதால் அதன் பொறுப்பை ஊர் உரியாமிடம் விட்டது. குறை சொல்லக் கூடாது, வறட்சி தீரும்வரை கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். அவர் புண்ணியத்தில்தான் நாங்கள் நல்ல தண்ணீர் குடித்தோம்.

மழை வந்தது. அடுத்து இயந்திரம் போகவேண்டியது நுயித் தீவுக்கு. அது துவாலு நாட்டைச் சேர்ந்ததென்றாலும் அங்கே பேசுவது எங்கள் பேச்சுதான், இங்கிருந்து போன வம்சங்கள்தான். கப்பல் வரும்வரை இயந்திரம் கொட்டகையில் கிடந்தது. அப்போதுதான் உரியாமின் தங்கை புருஷன் பரானிக்கோ வந்து உட்கார்ந்தான். மகள் கல்யாணத்துக்கு மீன் சேர்க்க வேண்டும், ஐஸ்பெட்டிக்கு மின்சாரம் இல்லை.

"சும்மாத்தானே கிடக்கு, மச்சான். ஒரே ஒரு பேட்டரி. கல்யாணம் முடிஞ்சதும் கொண்டாந்துடறேன்."

உரியாம் எடுத்துக் கொடுத்தார். கல்யாணம் முடிந்தது, பேட்டரி வரவில்லை. போய்க் கேட்டிருக்கலாம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டார் என்று பேர் வந்துவிடுமே. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டார்.

கப்பலில் வந்தவள் அகெனேதா. அமைப்பில் வேலை பார்க்கிறவள், நுயிக்காரி. கொட்டகைக்குள் பேட்டரிகள் மேல் உரியாம் ஒரு பாயைப் போட்டு மூடியிருந்தார். அவள் பாயைத் தூக்கினாள். நாலாவது எங்கே என்று கேட்டாள். பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன் என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இந்தத் தீவில் பேட்டரியைப் பழுது பார்க்க யார் இருக்கிறார்கள்? அவள் பாயைத் திரும்பப் போட்டு மூடினாள்.

அன்று ஊர்க்கூடத்தில் அவளுக்கு மாலை போட்டு, கிழங்கும் மீனும் பதநீரும் வைத்து உபசரித்தோம். பேச எழுந்தபோது அவள் அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நான் உங்க ரத்தம். ஒரு புபுசி கேட்க வந்திருக்கேன். நாலாவது பேட்டரி யாருகிட்ட இருக்கோ, அதை எங்க ஊருக்குக் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

பரானிக்கோ அடுத்த நொடியே எழுந்து ஓடினான். கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா? அவ்வளவு லேசாக முடிகிற காரியம் அது. ஆனால் அவன் தூக்கிக்கொண்டு வந்த பேட்டரி வயிறு உப்பிச் செத்துப்போயிருந்தது. எங்கள் எல்லோருக்கும் தலை குனிந்தது. உரியாம் தூணுக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் இயந்திரத்தைப் படகில் ஏற்றும்போது உரியாம் அவள் பக்கத்தில் போய், அவனிடம் திருப்பிக் கேட்க வெட்கமாக இருந்தது அம்மா என்றார். அகெனேதா கோபமே இல்லாமல் பதில் சொன்னாள்.

"பேட்டரிங்க ஜோடி ஜோடியாத்தான் ஓடும், மூணு இருந்தா பாதித் தண்ணிதான் வரும், அண்ணே. யாருக்குக் குடுக்கறது, யாருக்கு இல்லேங்கறதுன்னு அங்க போய் நான்தான் சொல்லணும். உங்க நல்ல பேரை எங்க தண்ணியக் குடுத்து வாங்கிட்டீங்க."

உரியாமை அதற்குப் பிறகு யாரும் ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஊரில் எல்லோரும் முன்போலவே நின்று பேசுகிறார்கள். அன்றொரு நாள் படகு நிறைய மீனோடு வந்து கரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரி வெறும் கூடையோடு அவரைக் கடந்து போனாள். அவராகவே கூப்பிட்டு, மீன் வேணுமா தங்கச்சி என்று கேட்டார்.

"இருக்கட்டும் அண்ணே, வீட்டுல இருக்கு" என்றாள். நாலு வீடு தள்ளிப் போய் வேறொருவரிடம் மீன் கேட்டு வாங்கிக்கொண்டாள்.