ரயிலேறிப் போன தீயணைப்புப் படை

வேலைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்காதவர் உங்களில் யாரும் இருக்க முடியாது. நாங்கள் தாமதமாகப் போனால் திட்டோடு கரியும் சாம்பலும் சேர்ந்து கிடைக்கும். சுதந்திரம் வந்து சில வருசங்கள் கழித்து ராமநாதபுரம் தீயணைப்பு நிலையத்தில் சேர்ந்தேன். யுத்தத்தில் ஓடிக் களைத்த ஒரு லாரி, சிவப்புப் பெயிண்டு, வெண்கல மணி. அதுதான் எங்கள் படை.

காற்று விட்ட வழி

ராமேஸ்வரத்தில் ஒரு டீக்கடைக் கொட்டகை பற்றி எரிவதாக ரயில்வே போனில் தகவல் வந்தது. அப்போது தீவுக்கு ரோடு கிடையாது. மண்டபம் ஸ்டேஷனில் லாரியை நிறுத்திவிட்டு, கைப்பம்பு, குழாய், ஏணி எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றினோம். அடித்த காற்றில் பாலத்தின் மேல் ரயிலை விட மறுத்துவிட்டார்கள். விறைப்பாக உட்கார்ந்திருந்த நாங்கள், சாயங்காலத்துக்குள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து குறட்டை விட்டோம்.

மறுநாள் போய் இறங்கினால், கடைக்காரர் புதுக் கொம்பு நட்டுக் கூரை வேய்ந்துகொண்டிருந்தார். வரிசையாக நின்று சல்யூட் அடித்தோம். அவர் எங்கள் ஏணியைத்தான் பார்த்தார்.

"நல்ல வேளை ஏணியோட வந்தீக! மேல ஏறி அந்தக் கீத்தக் கொஞ்சம் கட்டிவிடுங்க."

கல்யாண வீட்டுப் புகை

கடற்கரை ஊர் ஒன்றில் பெரிய முஸ்லிம் வீடு. கொல்லையிலிருந்து கரும்புகை எழும்புவதைப் பார்த்து யாரோ பதறி ஆள் அனுப்பிவிட்டார். மணியடித்துக்கொண்டு போய், சுவரேறிக் குதித்து, புகை வந்த திக்கில் குழாயைத் திருப்பினோம். புகை அடங்கியது. அப்புறம்தான் தெரிந்தது, அது நெய்ச்சோறு வேகிற அடுப்பு. மூடி திறந்திருந்த அண்டாவில் முக்கால்வாசி எங்கள் தண்ணீர்!

எங்கள் டிரைவர் சவேரி பித்தளைத் தொப்பியைக் கழற்றி அக்குளில் ஒளித்துக்கொண்டான். அடிதான் விழப்போகிறது என்று நின்றோம். சமையல்காரப் பண்டாரி கரண்டியை விட்டுத் துழாவிப் பார்த்தார்.

"நோம்புக்கு இன்னும் எவ்வளவோ நாள் கெடக்கு தம்பி, அதுக்குள்ள கஞ்சி காய்ச்சிட்டியளே!"

ஊருணி

சிரிக்க முடியாத நாளும் உண்டு. நல்ல கோடையில், அபிராமம் பக்கம் ஒரு கிராமத்தில் கருப்பையா என்ற சம்சாரியின் வைக்கோல் போரில் தீ. பக்கத்திலேயே மாட்டுக் கொட்டம். லாரித் தண்ணீர் கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்ந்தது. ஊருணிக்குள் குழாயை இறக்கப் போனேன். ஊரே குடத்தோடு மறித்தது. ஊருக்கு இருந்த குடிதண்ணீர் அது ஒன்றுதான். முன்னால் நின்று கையை விரித்து மறித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? கருப்பையாவேதான்!

"போர் போனாப் போகட்டும்யா. மாட்ட அவுத்து விட்டாச்சு. மண்ணள்ளிப் போடுங்க!" என்றார்.

ஆணும் பெண்ணும் கூடையில் மண் சுமந்தார்கள். நாங்கள் எரிகிற வைக்கோலைக் கவைக்கம்பால் பிரித்து இழுத்தோம். போர் போயிற்று, கொட்டம் தப்பியது. நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்த என்னிடம், புருவம் பொசுங்கிப்போன கருப்பையா ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினார். நான் வாங்கியதும் குழாயை ஒரு பார்வை பார்த்தார்.

"இது வாய்க்கு மட்டுந்தான், ஆமா."

என் உடம்பில் தீக்காயம் ஒன்றுகூட இல்லை என்றாலும், அங்கங்கே வாங்கிய பேச்சு மட்டும் இன்னும் காந்துகிறது.