பனி அள்ளும் சத்தம்

கதை விடுகிறாள் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்தக் காரில் இருந்தது நானும் என் ஏழு வயது மகள் சிஹாயாவும்தான்.

போன குளிர்காலத்தில் என் பழைய கார் பனியில் வழுக்கி, எங்கள் இருவரையும் பள்ளத்தில் தள்ளியது. அதனால் இந்த முறை நான்கு சக்கரமும் இழுக்கிற கார்தான் என்று பிடிவாதமாக இருந்தேன். ஹொக்கைடோ தீவின் வடகோடியில் அது இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. பழைய கார் விற்கிற நுமாதாவிடம் ஒன்று இருந்தது. குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தேன். பனி உருகச் சாலையில் கொட்டுகிற உப்பு அரித்த துரு இல்லை. டயர் புதிது. ஹீட்டர் நெருப்பாக அடித்தது. விலையோ பாதி.

"எதுக்கு இவ்வளவு சல்லிசு?"

"பாத்துக்கிட்டே இருந்தா எப்படிங்க? ஓட்டிப் பாருங்க" என்று சாவியைக் கையில் திணித்தார்.

மதியம் 2.10க்குக் கிளம்பினோம். சிஹாயா பின் சீட்டில். கடற்கரைச் சாலையில் கொஞ்சமும் வழுக்காமல் போனது. இதுதான் நம்ம கார் என்று முடிவே செய்துவிட்டேன்.

2.35. காற்று திரும்பியது. பனிப்புயல். ஒரே நிமிடத்தில் எல்லாம் வெள்ளை... சாலையே தெரியவில்லை. காரை நிறுத்தி, ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டு, உதவிக்குப் போன் செய்தேன்.

"ஒரு மணி நேரம் ஆகும். சைலன்சர் குழாயைப் பனி மூடாம பாத்துக்குங்க."

எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். குழாய் அடைத்தால் விஷவாயு உள்ளே வரும். தூங்குகிற மாதிரியே உயிர் போய்விடும்.

இறங்கலாம் என்று கதவில் கை வைத்தேன். அப்போது பின்னாலிருந்து...

சரக்... சரக்...

பனி அள்ளுகிற ஷவல். யாரோ எங்களுக்காக அள்ளுகிறார். இங்கே முன்பின் தெரியாதவர்கூட அப்படிச் செய்வார். "ரொம்ப நன்றிங்க!" என்று கத்தினேன். சத்தம் மட்டும் நிற்காமல் வந்தது. நிம்மதியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

2.58. தலை வலித்தது. கண் சொக்கியது.

"அம்மா..." சிஹாயாவின் குரல் குழறியது. "அவரு பனியை எடுக்கல."

"பின்னே?"

"போடுறாரு."

சரக்...

ஜன்னல்களை இறக்கினேன். இன்ஜினை அணைத்தேன். சத்தமும் நின்றது.

பின்னால் ஓடினேன். யாரும் இல்லை. காலடித் தடம் இல்லை. குழாயின் மேல் பனி... தட்டித் தட்டி இறுக்கியிருந்தது.

பின் கண்ணாடி முழுக்க உறைபனி. உள்ளிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது.

"நீ எப்படிடி பாத்தே?"

"நான் பாக்கல. பக்கத்துல உக்காந்திருந்த அக்கா சொன்னா."

3.40க்கு மீட்பு வண்டியில் ஏறினோம். காரை அங்கேயே விட்டேன்.

மறுநாள் சாவியை நுமாதாவின் மேஜையில் எறிந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். மூன்று வருடத்துக்கு முன் அதே சாலையில், அதே கார் புயலில் மாட்டியதாம். பின் சீட்டில் ஒன்பது வயதுப் பெண் விஷவாயுவில் இறந்து கிடந்தாளாம். அவள் அப்பா வெளியே, குழாய்ப் பக்கத்தில், கையில் ஷவலோடு உறைந்து கிடந்தாராம்.

"மகளைக் காப்பாத்த கடைசி வரைக்கும் பனி அள்ளியிருக்காருங்க. ஊரே அழுதுச்சு."

இன்றைக்கும் அந்த இடத்தில் அவருக்குப் பூ வைக்கிறார்கள்.