டீசல் முள்ளும் என் டிப்ளமாவும்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு அம்மாவின் கைபேசிக்கு வந்தது. மதிப்பெண்கள் நன்றாகவே இருந்தன.
2. அப்பா அதைத் தன் பேருந்தில் அறிவித்தார்.
3. பேருந்து கூடிப் பேசி, என்னைப் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ப்பது என்று முடிவெடுத்தது.
4. நான் பாலிடெக்னிக்கில் சேரப்போகிறேன் என்றேன்.
5. அப்பா பேருந்தில் பேசுவதை நிறுத்திவிட்டார்.
6. ஓட்டுநர் மாமா வீட்டுக்கு வந்து புகார் சொன்னார்.
7. மறுநாள் காலை நானே அந்தப் பேருந்தில் ஏறினேன்.

இதில் மூன்றாவதற்கும் ஐந்தாவதற்கும் விளக்கம் தேவை.

அப்பா தனியார் பேருந்து ஒன்றில் நடத்துநர். காட்டுமன்னார்கோயிலுக்கும் சிதம்பரத்துக்கும் இடையே நாள் முழுவதும் போய்வரும் வண்டி. எங்கள் வீடு சிதம்பரத்தில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம். வண்டியில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் தினமும் வருகிறவர்கள். டிக்கெட்டோடு சேர்த்து அவர்களுக்கு அப்பா ஊர்ச் செய்தி, ஏரியின் தண்ணீர் நிலவரம், யார் வீட்டில் வளைகாப்பு என்பதையெல்லாம் கொடுப்பார். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அது அப்பாவின் வண்டிக்குப் பின்னாலேயேதான் வரும். இருந்தும் சில பெண்கள் காசு கொடுத்து இந்த வண்டியில் ஏறினார்கள். இதை அப்பா வீட்டில் பெருமையாகச் சொல்லுவார். "உங்க வண்டி வேகமாப் போவுது, அதான் ஏர்றாங்க" என்று அம்மா அந்தப் பெருமையைச் சற்றுக் குறைப்பாள்.

இப்படிப்பட்டவர் மகள் படிப்பைத் தனியாக முடிவு செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது. எனக்கு மூக்குக்கண்ணாடி வாங்க எந்தக் கடைக்குப் போகலாம் என்பதையே பேருந்தில்தான் கேட்டார். முடிவு வந்த மறுநாள் மதிப்பெண்களைச் சொல்லி, எதில் சேர்க்கலாம் என்று வண்டியின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை கேட்டுக்கொண்டே போயிருக்கிறார். குமராட்சியில் ஏறி, சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்துக்கு வேலைக்குப் போகும் சார் ஒருவர், "கம்ப்யூட்டர் சயின்ஸ். வேற பேச்சே கெடையாது" என்று தீர்ப்புச் சொன்னார். கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்வது, கல்லூரிகளை வரிசைப்படுத்துவது எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். அன்று மாலை அப்பா இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார்.

"பஸ்ஸுல ஏர்றவங்க எல்லாம் கைதூக்கினா எம் பொண்ணு அதப் படிக்கணுமா?" என்றாள் அம்மா.

"படிச்சவங்க சொல்றாங்கடி. சும்மாவா?"

நான் இனிப்பை வாங்கிக்கொண்டேன். என் மனதில் வேறொன்று இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் எங்களைப் பெண்ணாடத்தில் ஒரு சர்க்கரை ஆலைக்கு அழைத்துப் போனார்கள். எல்லோரும் கரும்பு அரைபடுவதைப் பார்த்தோம், நெடியில் மூக்கைப் பொத்திக்கொண்டோம், சூடான சாற்றைக் குடித்தோம். பிறகு ஒரு குளிர்ந்த அறைக்குக் கூட்டிப் போனார்கள். சுவர் முழுக்க எண்களும் அளவு காட்டும் முட்களும். என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவளாக இருந்த ஒரு பெண், பின்னலுக்கு மேல் ஹெல்மெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏதோ ஒரு எண்ணைப் பார்த்து, "இது உண்மை இல்ல" என்று சொல்லிவிட்டு, கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். கொதிகலனில் கோளாறு இல்லை, அதை அளக்கும் கருவியில்தான் கோளாறு என்று எங்களுடன் வந்தவர் விளக்கினார். திரும்பும்போது பேருந்தில் எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். அளவுகருவி தவறாகக் காட்டுகிறது என்று கண்டுபிடிப்பது ஒருவருடைய முழுநேர வேலையாக இருக்க முடியும் என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன்.

விசாரித்ததில் அதற்கு இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று பெயர். கடலூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் டிப்ளமா இருந்தது. பன்னிரண்டாவது முடித்தவர்கள் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். படிப்பின் பெரும்பகுதி பட்டறையில். கடலூரிலேயே தொழிற்சாலைகள் இருக்கின்றன, வேலைக்கு ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. பிறகு விருப்பமிருந்தால் பி.இ.யும் சேரலாம். இந்தக் காரணங்களை வரிசையாக அப்பாவிடம் சொன்னேன்.

அவர் தோசையைப் பிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது பத்தாவது முடிச்சவங்க படிக்கிறதாச்சே?" என்றார்.

"பன்னெண்டாவது முடிச்சவங்களும் சேரலாம்பா."

"சேரலாம். ஆனா இவ்ளோ மார்க்கு வாங்கினவங்க யாரு சேர்றாங்க?"

எனக்குத் தெரிந்து யாரும் சேரவில்லை. "எனக்கு அதுதாம்பா புடிச்சிருக்கு" என்றேன்.

"நீ அப்படித்தான் சொல்லுவ" என்று சொல்லிக் கைகழுவப் போய்விட்டார். கோபமில்லை. மறுநாள் வழக்கம்போல் எனக்கு மல்லிகைப்பூவும் வாங்கிவந்தார். அதனால் விஷயம் எங்கே போய் நிற்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

தெரியவந்தது ஓட்டுநர் மாமாவால். அப்பாவும் அவரும் பல வருடங்களாக ஒரே வண்டியில் ஓடுகிறவர்கள், ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒரு சாயங்காலம் அப்பா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்தார்.

"தங்கச்சி, மச்சானுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"ஏண்ணா? நல்லாத்தான இருக்காரு."

"வண்டியில விசிலு வருது, டிக்கெட்டு வருது, பேச்சு மட்டும் வரல. குமராட்சி தாண்டி அந்த நீட்டு ரோட்டுல எனக்குத் தூக்கமாக் கண்ணச் சொருவுது தங்கச்சி."

"பாட்டு போட்டுக்க வேண்டியதுதான?"

"பாட்டுப் பொட்டி எப்பவோ ரிப்பேரு. இவருதான் இருக்காரேன்னு மொதலாளி அத சரிபண்ணவே இல்ல."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு காபி போடப் போனாள். மாமா என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "பாப்பா, உங்கப்பா என்னா நெனைக்கிறாருன்னா, நம்ம சம்பளத்தப் பாத்துட்டு நீ ஒரு படி எறங்கி வந்துட்டன்னு நெனைக்கிறாரு. பஸ்ஸுல எல்லாரும் கேக்கறாங்க, பொண்ணு எந்த காலேஜுன்னு. என்ன சொல்றதுன்னு தெரியாம முழிக்கிறாரு. அடுத்த வாரம் அந்த சாரு கவுன்சிலிங்குக்குப் பதிவு பண்றேன்னு சொல்லி இருக்காரு. இவரு சரின்ட்டாரு."

பாலிடெக்னிக் சேர்க்கைக்கு அப்பா வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மாமா போன பிறகு யோசித்தேன். அழுது பிடிவாதம் பிடித்தால் அப்பா வந்து கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் தன்னால்தான் மகள் சின்னப் படிப்புப் படிக்கிறாள் என்று எண்ணிக்கொண்டே போடுவார். அதற்குப் பிறகு அந்தப் பேருந்தில் அவர் எப்படிப் பேசுவார்? வீட்டில் நான் என்ன சொன்னாலும் அவர் நம்பப் போவதில்லை. அவர் நம்புகிற இடம் ஒன்றுதான்.

மறுநாள் காலை ஏதோ வேலை இருப்பதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, காட்டுமன்னார்கோயில் போய், அங்கிருந்து சிதம்பரம் திரும்பும் அப்பாவின் வண்டியில் ஏறினேன். அப்பா என்னைப் பார்த்து, "இங்க எங்க நீ?" என்றார். "சும்மாதாம்பா" என்றேன். டிக்கெட் மெஷினைப் பார்த்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

மாமா சொன்னது உண்மைதான். வண்டி அமைதியாக இருந்தது. சிதம்பரம் கீழ வீதியில் பூ விற்கும் அக்கா, கூடையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஏன் கண்டக்டரே, வாய வீட்லயே வெச்சிட்டு வந்துட்டியா? பேசாமத்தான் வரணும்னா நான் ஃப்ரீ பஸ்ஸுலயே வந்திருப்பனே?"

பஸ் சிரித்தது. அப்பாவும் லேசாகச் சிரித்தார். ஆனால் பேசவில்லை.

குமராட்சியில் சார் ஏறினார். என்னைப் பார்த்ததும், "பொண்ணா? வாம்மா. சர்டிபிகேட் எல்லாம் எடுத்து வெச்சிட்டியா?" என்றார்.

எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "சார், நான் பி.இ. சேரல. பாலிடெக்னிக்ல இன்ஸ்ட்ருமென்டேஷன் சேரப்போறேன்."

"டிப்ளமாவா! யாரும்மா உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

"அது என்னா படிப்பு கண்ணு?" என்றார் பூக்கார அக்கா.

பெண்ணாடத்துப் பெண்ணைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். யாருக்கும் புரியவில்லை என்பது முகங்களில் தெரிந்தது. அப்போது ஓட்டுநருக்கு முன்னால் இருந்த டீசல் முள் கண்ணில் பட்டது. அந்த முள் எத்தனையோ மாதமாகச் சரியாகப் பாதியில் நின்றுகொண்டிருந்தது.

"அக்கா, ஒரு நாள் இந்த வண்டி வயலுக்கு நடுவுல டீசல் இல்லாம நின்னுச்சே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? என் பூவெல்லாம் வாடிப்போச்சு அன்னிக்கு!"

"அன்னிக்கும் முள்ளு பாதி டாங்கு இருக்குன்னுதான் காட்டுச்சு."

முன்னாலிருந்து மாமாவின் குரல் எகிறியது. "கேளுங்க! எல்லாரும் கேளுங்க! அன்னிக்கு என்னை என்னா திட்டுத் திட்டினீங்க? முள்ளு பண்ண வேலைக்கு நான் பேச்சு வாங்கினேன்!"

"நீ டாங்குல குச்சி விட்டுப் பாத்திருக்கணும் இல்ல?" என்றார் பின்னால் ஒருவர்.

"அதுலருந்து தினம் குச்சி விட்டுத்தான்யா பாக்கறேன்!"

"பஸ்ஸுல குச்சி விட்டுப் பாக்கலாம்" என்றேன் நான். "ஃபேக்டரியில உள்ள கொதிக்கும், ஆசிட் இருக்கும். குச்சி விட முடியாது. முள்ளத்தான் நம்பணும். அந்த முள்ளு சரியாக் காட்டுதா, எங்க தப்பாச்சு, எப்படி சரிபண்றது, அதுதான் படிப்பு. இதுலகூட டாங்குக்குள்ள ஒரு மிதவை இருக்கும். அது மேல கீழ போவணும். எங்கயோ மாட்டிக்கினு இருக்கு, அவ்ளோதான். கழட்டிப் பாத்தாத் தெரியும். எனக்கு எப்பவும் அதக் கழட்டிப் பாக்கணும்னு இருக்கும்."

கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. நான் பொதுவாகச் சத்தமாகப் பேசுகிறவள் இல்லை. அப்பா பின்படிக்கட்டு அருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தம் ஒன்று வந்தது. அவர் விசில் கொடுக்கவில்லை. வண்டி தானாகவே நின்று, யாரோ இறங்கி, வண்டி தானாகவே புறப்பட்டது.

"டிப்ளமாவுக்கு மதிப்பு இல்லம்மா" என்றார் சார். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"முடிச்சிட்டு பி.இ. சேரலாம் சார்."

"சேரலாம், சேரலாம். எத்தினி பேரு சேர்றாங்க?" அவர் சமாதானமாகவில்லை. அவர் சொன்னதில் தவறும் இல்லை.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். பிறருக்குக் கேட்காமல், "காசுக்காக இல்லியே?" என்றார்.

"இல்லப்பா."

"உண்மையா அந்த டாங்கக் கழட்டிப் பாக்கணும்னு இருக்கா உனக்கு?"

"ரொம்ப நாளா இருக்கு."

"அப்ப கேட்டிருக்கலாம் இல்ல? ஷெட்டுக்குக் கூட்டிப் போயிருப்பன் இல்ல?" என்றார், அதுதான் குறை என்பதைப்போல.

அடுத்த நிறுத்தத்தில் அரிசி ஆலைக் கணக்குப்பிள்ளை ஏறினார். அப்பா டிக்கெட் கிழித்துக்கொடுக்கும் முன்பே, "எம் பொண்ணு முள்ளுக்குப் படிக்கப் போவுதுங்க" என்றார்.

"முள்ளா? என்னா முள்ளு?"

"உக்காருங்க, சொல்றேன்." சிதம்பரம் வரும் வரை அதைத்தான் சொன்னார். பாதி தவறாகச் சொன்னார். மாமா அவ்வப்போது முன்னாலிருந்து, அன்று தன்னைத் திட்டியவர்களின் பட்டியலைச் சேர்த்துக்கொண்டே வந்தார். பேருந்து நிலையத்தில் இறங்கும்போது பூக்கார அக்கா ஒரு முழம் பூவைக் கிள்ளி என் கையில் வைத்து, "கூட்டத்துல நின்னு பேசற பொண்ணு பொழச்சிக்கும்" என்றார்.

சேர்க்கை நாளன்று அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். கடலூர் போகும் பேருந்தில் அந்த நடத்துநரிடமும் முள் கதையைச் சொன்னார். படிவத்தில் பாடப்பிரிவின் பெயரை நான் எழுதியபோது உற்றுப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய பேரா?" என்று கேட்டார். கையெழுத்தை நிதானமாகப் போட்டார்.

இப்போது நிலவரம் இது. டிப்ளமா முடிந்துவிட்டது. கடலூரில் மருந்துக்கான மூலப்பொருள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கருவிப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன், சிதம்பரத்திலிருந்து தினமும் போய்வருகிறேன். பி.இ. இன்னும் சேரவில்லை. அந்த சார் அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் அதைக் கேட்கிறார், அப்பா அதை என்னிடம் வந்து சொல்கிறார். அப்பாவின் பேருந்தில் என் படிப்புக்கு முள்ளு படிப்பு என்றுதான் இன்றும் பெயர். படிக்கும்போதே ஒரு விடுமுறை நாளில் ஷெட்டில் டாங்கைத் திறந்து மிதவையைச் சரிசெய்து கொடுத்தேன். முள் இப்போது சரியாகக் காட்டுகிறது. ஓட்டுநர் மாமா இன்னும் குச்சி விட்டுத்தான் பார்க்கிறார்.